கணவாயைச் சுற்றிப் போன வழி

பொறியாளர் கூடத்தின் நடுவில் கூடாரம் அடித்து, அதற்குள் படுத்திருந்தார். டைல்ஸ் பதித்த தரையில் முளை அடிக்க இயலாது என்பதால், கயிறுகளில் ஒன்றைச் சோபாவின் காலிலும், ஒன்றைத் தையல் இயந்திரத்தின் காலிலும், மற்றொன்றைச் சாப்பாட்டு மேசையருகில் கிடந்த நாற்காலியிலும் கட்டியிருந்தார். துணி மழைக்குத் தாங்குமா என்று அறியும்பொருட்டு, இஸ்திரி போடும்போது நீர் தெளிக்கும் குப்பியை மனைவியிடம் கொடுத்து மேலிருந்து பீய்ச்சச் சொல்லியிருந்தார். அவளும் கை வலிக்கப் பீய்ச்சினாள். ஒரு சொட்டுகூட உள்ளே இறங்கவில்லை. வெற்றியை அறிவிக்க அவர் வாய் திறந்த வேளையில், வேலை முடிந்ததென்று அவள் அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சூறாவளிக்கும் அசையாது என்று விற்றவர் சத்தியம் செய்திருந்த கூடாரம், சத்தமே இல்லாமல் அவர் முகத்தின்மேல் படுத்துக்கொண்டது.

"காத்து கொஞ்சம் பலமா அடிச்சுடுச்சு போல" என்றாள் மனைவி.

பொறியாளர் குடிநீர் அலுவலகத்தில் நெடுங்காலமாக வேலை பார்ப்பவர். அணையிலிருந்து நகருக்குள் குழாய் வரும் வழியை வரைந்து கொடுப்பது அவர் தொழில். மோட்டாரின் தயவில்லாமல், தண்ணீர் தன் போக்கிலேயே சாய்ந்து சாய்ந்து வந்து சேர வேண்டும். மேடு வந்தால் அதைச் சுற்ற வேண்டும், பள்ளம் வந்தால் அதன் ஓரமாக ஒதுங்கிப் போக வேண்டும். இந்த வித்தையில் அவரை மிஞ்ச அங்கே ஆள் கிடையாது. எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் "சரிவு என்ன?" என்றே முதலில் கேட்பார் என்பதால், அலுவலகத்தில் அவருக்குச் ‘சரிவு சார்’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான்; ஆனாலும் அது அவர் காதுக்கு எட்டியிருந்தது, உள்ளூரப் பிடித்தும் இருந்தது.

அவரும் அவருடைய மச்சினனும் சைக்கிளில் மலைநாட்டுக்குப் போவதாகப் பேசத் தொடங்கிய காலத்தில், அவர் தலையில் முடி இருந்தது. தார் காணாத சரளைக்கல் பாதைகளில், கடை கண்ணி எதுவும் இல்லாத, தொலைபேசிக் கோபுரங்கள் எட்டிப் பார்க்காத மலைகளினூடே சில நாள்கள் மிதித்துக்கொண்டே போவது, பொழுது சாய்ந்த இடத்தில் கூடாரம் அடித்துக் கிடப்பது, விடிந்ததும் மறுபடி மிதிப்பது என்பது திட்டம். ஆண்டுதோறும் திட்டம் மட்டும் வளர்ந்துகொண்டே வந்தது; பயணம் பிறக்கவில்லை. அதற்குக் காரணம் மச்சினனுடைய அடுப்பு. அவன் ரொட்டிக்கடை வைத்திருந்தான். கடையின் பின்கட்டில் இருந்தது பெரிய செங்கல் அடுப்பு. ஒருமுறை ஆறவிட்டால் மறுபடி பதத்துக்குக் கொண்டுவர நாளாகும். ஆகவே அது அணைவதே இல்லை. அடுப்புக்கு ஓய்வில்லாத இடத்தில் அடுப்புக்காரனுக்கு ஏது ஓய்வு?

இப்போது அந்த அடுப்பின் உள்வளைவில் விரிசல் கண்டுவிட்டது. செங்கலைப் பிரித்துப் புதிதாகக் கட்டியாக வேண்டும். கொத்தனார் நாள் குறித்தாயிற்று. ஒரு வாரம் அடுப்பு எரியாது. இந்த வாரத்தைக் கோட்டைவிட்டால் அடுத்த விரிசலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். அந்தக் கொத்தனாரோ, அவர் கட்டிய அடுப்பு ஒரு தலைமுறைக்குத் தாங்கும் என்று பெயரெடுத்தவர்.

மச்சினன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மாவு மூட்டைகள் அடுக்கியிருக்கும் அறைக் கதவின் உள்பக்கத்தில், பழைய நாள்காட்டியிலிருந்து கிழித்த படம் ஒன்றை அவன் ஒட்டி வைத்திருந்தான். இரண்டு சிகரங்களுக்கு நடுவே ஒரு கணவாய்; வெறும் கல், அதன்மேல் சுண்ணாம்புக் கோடுபோல ஒரு பாதை.

"அங்க நின்னு ஊதினா வாயிலேர்ந்து ஆவி வருமாம் அத்தான்" என்றான் அவன். "வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து அடுப்பு முன்னாடியே நிக்கிறேன். ஒரு தடவை எனக்கு அதைப் பாக்கணும். மத்ததெல்லாம் நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படி."

மற்றதெல்லாம் தன் பொறுப்பு என்றதும் பொறியாளருக்குப் படைத்தளபதி பட்டமே கிடைத்தாற்போல் ஆயிற்று. பருத்த சக்கரங்கள் கொண்ட, சரளைப் பாதைக்கென்றே செய்த சைக்கிள் கூடத்துக்கு வந்து சேர்ந்தது. மலையில் ஒவ்வொரு கிராமும் எதிரி என்று அறிவித்துவிட்டு, சமையலறைத் தராசில் காலுறைகளை நிறுத்தார். பல்துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்தார். பிரஷ்ஷைக் குறைக்கிற ரம்பத்தால் இடுப்பையும் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று மனைவி விசாரித்தாள். அவள் சோபா உறை தைப்பவள். இருவர் சைக்கிளிலும் மாட்டும் பைகளையும் அவளே தைத்துக் கொடுத்தாள். வீரர்களுக்குரிய கறுப்பு நிறத்தில்தான் அவர் கேட்டிருந்தார். ஆனால் கையிருப்பில் மிஞ்சியிருந்த துணியில் தட்டு அகலத்துக்குச் சூரியகாந்திப் பூக்கள் பூத்திருந்தன. கறுப்பில் சோபா கேட்டு யாரும் வருவதில்லை என்று அவள் கையை விரித்துவிட்டாள்.

அலுவலகத்தில் மதிய உணவு வேளைகள் அவருடைய சொற்பொழிவு வேளைகளாக மாறின. சக்கரத்துக்கு எவ்வளவு காற்று, பாறையில் எந்தக் கியர் என்றெல்லாம் அவர் வாய்ப்பந்தல் போட, இளைஞர்கள் கையில் எடுத்த கவளத்தை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டார்கள். அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும்போது அச்சமாக இராதா என்று கணக்குப் பிரிவு அம்மையார் ஒருநாள் கேட்டார்.

"இறக்கம்ங்கறது ஏறினதுக்குக் கிடைக்கிற கூலிம்மா" என்றார் பொறியாளர்.

அந்த வாக்கியம் அலுவலகம் முழுதும் பரவியது. யாரோ அதை அறிவிப்புப் பலகையில்கூட எழுதி வைத்தார்கள். அதைச் சொன்னவர் அந்நாள்வரை சரளைக் கல்லில் ஓர் இறக்கம்கூட இறங்கியதில்லை என்பது அறிவிப்புப் பலகைக்குத் தெரியாது.

அவருடைய தெருவுக்குப் பின்புறம் ஒரு குன்று. அதன் உச்சியில் நகரத்தின் தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்கு ஏறும் சரளைப் பாதை அவரே வரைந்து போட்டது. அங்கேதான் ஒரு மாலையில் ஒத்திகையைத் தொடங்கினார். ஏறுவதில் குறையொன்றும் இல்லை. சர்க்கரைப் பாத்திரத்தில் ஏறும் எறும்பைப்போல நிதானமாக, நிற்காமல், உச்சிவரை மிதித்துவிட்டார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு பெருமிதத்துடன் சைக்கிளைத் திருப்பினார். முன்சக்கரத்தின் அடியில் ஒரு கல் உருண்டது. கீழே, தான் வரைந்த பாதை தன்னை விழுங்க வாயைத் திறந்துகொண்டு கிடப்பதைக் கண்டார். பிரேக்கை அவர் பிடித்திருந்தாரா, பிரேக் அவரைப் பிடித்திருந்ததா என்று சொல்ல முடியாதபடி விரல்கள் இறுகிப்போயின. சிறிது நேரம் மணியைச் சரிபார்த்தார். சங்கிலியைச் சரிபார்த்தார். பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தார். பாதி வழியில், குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெண்மணி அவரைக் கடந்து முன்னே போனார். வண்டியிலிருந்த குழந்தை கழுத்தைத் திருப்பி, கண்ணிலிருந்து மறையும்வரை அவரையே பார்த்துக்கொண்டு போயிற்று.

நடந்து வந்த காரணத்தை வீட்டில் கேட்டபோது, பிரேக்கைச் சோதித்ததாகச் சொன்னார். பிரேக் எப்படி என்று மனைவி கேட்டாள். மிகவும் நன்றாக இருக்கிறது என்றார். அதில் பொய்யில்லை.

மறுநாளும் போனார், அதற்கு மறுநாளும் போனார். சக்கரத்தில் ஏறியவர் காலில்தான் திரும்பினார். தண்ணீரை எத்தனையோ மலைகளிலிருந்து இறக்கியவருக்குத் தன்னை ஒரு குன்றிலிருந்து இறக்க வழி தெரியவில்லை.

அதன்பிறகுதான் பயண வழி மாறத் தொடங்கிற்று. முதலில் அவர் வரைந்திருந்த கோடு நேராகக் கணவாயில் ஏறி, மறுபுறப் பள்ளத்தாக்கில் இறங்கியது. அந்த இறக்கத்தைச் சற்றே தளர்த்தினால் என்ன என்று கணினியின் முன் அமர்ந்தவர், ஒரு வளைவைச் சேர்த்தார். வளைவுக்குப் பக்கத்தில் இன்னொரு செங்குத்து எட்டிப் பார்த்தது. அதையும் சுற்றிப் போனார். மாற்றத்துக்கு ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் கைவசம் இருந்தது: இந்தப் பக்கம் மண் சரியக்கூடும், அந்தப் பக்கம் காட்சி அழகாக இருக்கும், இன்னொரு பக்கம் குடிநீர் கிடைக்கும். தொலைபேசியில் அவர் இவற்றை விளக்கும்போதெல்லாம், மறுமுனையில் மாவைப் பலகையில் அறையும் ஓசை கேட்டுக்கொண்டிருக்கும். அதன் நடுவே, நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மச்சினன் சொல்லுவான். அந்த ஒரு பதில் மட்டும் அவருக்குச் செரிக்கவில்லை.

நண்டு ஒன்று மலையேறப் புறப்பட்டதாம். அதற்கு நேராக நடக்க வராது, பக்கவாட்டில்தான் நடக்கும். நண்டானதால் அதில் வெட்கமில்லை. ஆனால் இந்த நண்டு வழியில் கண்ட நத்தையிடமும் தவளையிடமும், மலையின் நான்கு புறத்தையும் ஆராய்ந்த பிறகே ஏறுவது தன் குலவழக்கம் என்று சொல்லிக்கொண்டே நடந்ததாம். மலையை முழுதும் சுற்றி, புறப்பட்ட வளைக்கே திரும்பி வந்து சேர்ந்தபோது, ஆராய்ச்சி நிறைவடைந்தது என்று அறிவித்ததாம். பொறியாளரின் ஆராய்ச்சியும் அந்த நிறைவை நெருங்கிக்கொண்டிருந்தது. கணவாய் இப்போது கோட்டுக்கு வெகு தொலைவில், திரையின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தது.

அதைப் பார்க்க அவருக்கே பொறுக்கவில்லை. மச்சினன் கேட்ட ஒன்றே ஒன்றை அல்லவா நீக்கியிருக்கிறோம் என்று நெஞ்சு குத்தியது. நீக்கியதைத் திரும்பச் சேர்ப்பதற்குப் பதிலாக, பயணத்தையே தள்ளிப்போட முடியுமா என்று பார்த்தார். அந்த அளவுக்கு அவருடைய வீரம் முற்றிவிட்டிருந்தது. ஒரு காலையில் கொத்தனாரைத் தேடிப் போய், தேநீர் வாங்கிக் கொடுத்து, செங்கல் இன்னும் சில நாள் உலர்ந்தால் நல்லதல்லவா, காற்றில் ஈரம் அதிகமாக இருக்கிறதே என்று பட்டும் படாமலும் பேச்செடுத்தார்.

"இனிமே தள்ள முடியாதுங்க" என்றார் கொத்தனார். "நேத்தே நெருப்பை எடுத்தாச்சு. உங்க மச்சினரு அடுப்புக்குள்ள தலையை விட்டுப் பாத்துட்டு, ஜில்லுனு இருக்குன்னு அப்படிச் சிரிக்கிறாரு."

பொறியாளர் பாதித் தேநீரை வைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாள், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், பழைய அடுப்பின் கடைசி ரொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு மச்சினன் வந்தான். விரல் இடுக்குகளில் இன்னும் மாவு இருந்தது. பொறியாளர் வழியை அச்செடுத்து வைத்திருந்தார். அவருக்கு வரையத் தெரிந்த கணினி நிரல் அலுவலகத்தில் குழாய் வரையும் நிரல் ஒன்றுதான்; அச்சடித்ததும் அலுவலகத்தின் நீண்ட தாளில்தான். மனைவியின் வெட்டுமேசைமீது தாள் பாய்போல விரிந்தது. தளபதியின் குரலில் விளக்கம் தொடங்கியது. மச்சினன் தாளின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விரலை ஓட்டிக்கொண்டே வந்தான். தாளில் மாவுக்கோடு ஒன்று விழுந்தது.

"இதுல கணவாய் எங்க அத்தான்?"

பொறியாளர் தாளின் ஓரத்தைக் காட்டினார். கோட்டிலிருந்து சற்று விலகித்தான் இருக்கிறது, ஆனால் வானம் தெளிவாக இருந்தால் போகும் வழியிலிருந்தே கண்ணுக்குத் தெரியும் என்று பூசி மெழுகினார்.

கழுத்தில் அளவு நாடாவுடன் மனைவி எழுந்து வந்தாள். தாளைச் சற்று நேரம் பார்த்தாள். ஓரிடத்தில் விரல் வைத்தாள். நிரல் தன் வழக்கப்படி மேடான இடங்களில் எல்லாம், குழாயில் சிக்கும் காற்றை வெளியேற்றுவதற்காக, தானாகவே ‘காற்று வால்வு’ என்று எழுதிவிடும். எல்லாவற்றையும் அழித்தவர் ஒன்றை மறந்துவிட்டிருந்தார்.

"ஏங்க, இது சைக்கிள் போற வழியா, தண்ணி போற வழியா?" என்றாள். "இத்தனை வருஷமா இதே மேசையில பரப்பி வெச்சுத்தானே வேலை பாத்தீங்க, எனக்குத் தெரியாதா? மேடு வந்தா சுத்துது, பள்ளம் வந்தா ஒதுங்குது. இந்த முனையில ஒரு குடம் ஊத்தினா நேரா நம்ம வீட்டுக் குழாய்ல வந்து விழும்."

மச்சினன் சிரிக்கவில்லை. கணவாய் இருந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தாளைச் சுருட்டத் தொடங்கினான்.

"பரவாயில்ல அத்தான். நீங்க பாத்துத்தான் போட்டிருப்பீங்க."

கேலி செய்திருந்தால் பொறியாளர் சமாளித்திருப்பார். பதில் கேலி எப்போதும் அவர் சட்டைப்பையில் தயாராக இருக்கும். ஆனால் இது நம்பிக்கை. சுருட்டிய தாளின்மேல் கையை வைத்தார்.

"பாத்துத்தான் போட்டேன். எனக்கு இறங்க வரல மச்சான். பயமா இருக்கு."

மலை இடிந்து விழப்போகிறது என்று அவர் காத்திருந்தார். மச்சினனோ, அவர் ஏதோ மிச்சத்தையும் சொல்வார் என்று காத்திருந்தவன்போல, அவர் முகத்தைப் பார்த்தான்.

"அவ்வளவுதானா? அப்ப நடந்து இறங்குங்களேன்."

சைக்கிளில் போகிறவன் நடந்தால் அது என்ன சைக்கிள் பயணம் என்று பொறியாளர் முனகினார்.

"நான் ஏறும்போது நடக்கிறதாத்தானே இருக்கேன்" என்றான் மச்சினன். "எனக்கு மலையேற மூச்சு ஏது? நெஞ்சு முழுக்க மாவுதான். தள்ளிட்டே வருவேன். நீங்க முன்னாடி போய் டீ போட்டு வைப்பீங்கன்னு பாத்தேன். இறக்கத்துல நான் முன்னாடி போய் டீ போடறேன், நீங்க தள்ளிட்டு வாங்க. இதுக்கா அத்தான் மலையையே தூக்கி ஓரமா வெச்சீங்க?"

அவன் தன் இயலாமையைக் கடைத்தெருவில் சாமான் கேட்பதுபோல் அவ்வளவு எளிதாகச் சொன்னான். அறுத்த பிரஷ்ஷும் நிறுத்த காலுறையும் அறிவிப்புப் பலகை வாக்கியமும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வர, பொறியாளரின் முகத்தில் அசடு வழிந்தது. உனக்கும் இது இப்போதுதான் தெரிகிறதா என்று கேட்பதுபோல மனைவியைப் பார்த்தார். அவள் ரொட்டியை அறுத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். "குழந்தையை வண்டியில தள்ளிட்டு வந்தாங்களே, அவங்க வீட்டு சோபாவுக்கு நான்தான் உறை தைக்கிறேன். உங்க வீட்டுக்காரர் தினமும் சைக்கிளைக் காலாற நடத்திக் கூட்டிட்டு வர்றாரேன்னு கேட்டாங்க. அது ரொம்ப சாதுவான சைக்கிள், ஏறி உக்காந்தா வருத்தப்படும்னு சொல்லி வெச்சிருக்கேன்."

முதலில் சிரித்தவர் பொறியாளர்தான். சிரிப்பு அடங்கியதும், மனைவியின் தையல் சுண்ணாம்புக் கட்டியை எடுத்து மச்சினன் தாளின் குறுக்கே கணவாய்க்கு ஒரு கோடு கிழித்தான். மேடு பள்ளம் எதையும் மதிக்காத கோடு. அந்த வழியில் குழாய் பதித்தால் திறந்த மறுகணமே வெடித்துவிடும் என்று பொறியாளரின் தொழில் மனசாட்சி துடித்தது. அதைத் தட்டி உட்கார வைத்தார்.

அடுப்பு பிரிபட்ட அன்று காலை இருவரும் புறப்பட்டார்கள். கணவாயை எட்டிய நாளில், பொறியாளர் முன்னதாக ஏறி, கல்லை முட்டுக்கொடுத்துத் தேநீர் வைத்தார். அது ஆறி, மறுபடி கொதித்து, மறுபடி ஆறிய பிறகு, கடைசித் திருப்பத்தில் முதலில் சூரியகாந்திப் பூக்கள் தெரிந்தன. அவற்றின் பின்னால், தள்ளிக்கொண்டே, மூச்சிரைத்துக்கொண்டே மச்சினன் வந்தான். வந்ததும் வராததுமாக வாயைக் குவித்து ஊதினான். ஒன்றும் வரவில்லை. வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. மறுபடி ஊதினான். தன்னுடைய மூச்சில்தான் ஏதோ குறை என்பதுபோலப் பொறியாளரைப் பார்த்தான்.

திட்டப்படி அன்று மாலைக்குள் பள்ளத்தாக்கில் இருக்க வேண்டும். அந்தத் திட்டத்தைப் போட்டவர் அதை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"கூடாரத்தை இங்கயே அடிப்போம்" என்றார். "காலையில ஊதலாம்."

மண்ணில் முளைகள் நன்றாக இறங்கின. நாற்காலிகள் இல்லாத ஊரில் கூடாரம் உறுதியாகவே நின்றது. விடியலில் மச்சினனின் குரல் அவரை எழுப்பியது. ரொட்டிக்காரன் எங்கே படுத்தாலும் ரொட்டிக்கு முன்னால் எழுந்துவிடுவான். வெளியே போய்ப் பார்த்தார். அவன் போர்வையைப் போர்த்திக்கொண்டு பாறைமேல் நின்றான். அவன் வாயிலிருந்து வெண்மையாக ஆவி புறப்பட்டு, சற்று நின்று, கலைந்தது. அது கலைவதற்குள் அடுத்ததை ஊதினான்.

"நெருப்பே இல்லாம வருது அத்தான்" என்றான், வெகு நேரம் கழித்து. "நீங்களும் ஊதுங்க."

பேரப்பிள்ளை எடுக்கும் வயதை நெருங்கிய இரண்டு மனிதர்கள், ஒருவர் முகத்தில் ஒருவர் ஊதிக்கொண்டு நின்றார்கள்.

பிறகு இறக்கம். மச்சினன் ஏறி உட்கார்ந்து, கால்களை விரித்து, சரளை தெறிக்கப் போய்க் கீழே ஒரு புள்ளியானான். பொறியாளர் இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு, வளைவு வளைவாக, சைக்கிளை நடத்திக் கூட்டிக்கொண்டு இறங்கினார். கூச்சமாக இருந்தது, ஆனால் அதைப் பார்க்க அங்கே கல்லைத் தவிர யாருமில்லை, கற்களும் அந்தக் குழந்தையைப்போலத் திரும்பிப் பார்க்கவில்லை. வெகு நேரத்துக்குப் பின், தேநீர்ப் புகை தெரியும் தொலைவில், கடைசித் திருப்பத்தில் நின்றார். எஞ்சியிருந்த பாதையை அவர் கண் தானாகவே அளந்தது. மெல்லிய சரிவு. தண்ணீர் ஊற்றினால் அவசரமில்லாமல் போகும் சரிவு. ஏறி உட்கார்ந்தார். கண்ணை மூடவில்லை. கூடத்திலிருந்து அடுக்களைக்குப் போகும் தூரம்தான் இருக்கும். அவ்வளவு தூரமும் மணியை அடித்துக்கொண்டே போய் நிறுத்தினார்.

மச்சினன் குவளையைக் கையால் மூடிக்கொண்டான்.

"மெதுவா வாங்க அத்தான், டீயில மண்ணு விழுது."

திரும்பி வந்த முதல் நாள் மதியம், அலுவலகம் கவளத்தைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருந்தது. இறக்கம் எப்படி இருந்தது என்று கணக்குப் பிரிவு அம்மையார் கேட்டார். நடந்துதான் இறங்கினேன் என்று பொறியாளர் உள்ளதை உள்ளபடி சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. எவ்வளவு பெரிய மலையை இறங்கி வந்தும் கொஞ்சமும் கர்வமில்லாத மனிதர் என்று இளைஞர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அவர் இன்னொரு முறையும், சற்று உரக்கவே, நடந்துதான் இறங்கினேன் என்று சொல்லிப் பார்த்தார். அவர்களுடைய மதிப்பு இன்னும் கூடிற்று. அது தமக்குப் பிடித்திருக்கிறது என்பதைக் கவனித்த பொறியாளர், மூன்றாம் முறை சொல்லாமல் சாப்பிடத் தொடங்கினார்.